புதுப்பிப்பு: 6 வயது மகளுக்குத் தமிழ் வாசிப்புச் செயலி, எது கைகொடுத்தது?

மூன்று மாதத்துக்கு முன் கேட்டிருந்தேன்: பெங்களூரில் வளரும் மகள், வயது 6, பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும். தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுத்துக்கூட்டி வாசிக்க வராது. என்ன செயலி போடலாம் என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் காசு கட்டி வாங்கிய செயலி தேறவில்லை. எழுத்தைத் தொட்டால் நட்சத்திரம் கொட்டும். அவள் நட்சத்திரத்தைத்தான் பார்த்தாள்.

கைகொடுத்தது பிரதம் புக்ஸ் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் என்ற சிறுவர் கதைத் தளம். இலவசம். கதைகள் நான்கு நிலைகளில் இருக்கின்றன. முதல் நிலையில் பக்கத்துக்கு ஓரிரு வரிதான். சிலதை பிடிஎஃப் ஆக இறக்கி அச்சடித்தும் கொடுத்தேன்.

அப்புறம் இன்னொருவர் சொன்ன ஸ்கிராட்ச் ஜூனியர் செயலி. 5 முதல் 7 வயதுக்கானது, இதுவும் இலவசம். படங்களை நகர்த்தி, சொந்தக் குரலைப் பதிந்து கதை சொல்லலாம். ஒரு கதைக்கு 4 பக்கம்தான் என்பதைக் குறையாக நினைத்தேன். நல்லதாகப் போயிற்று, இல்லையென்றால் அவள் கதைக்கு முடிவே வராது.

எதிர்பாராதது ஒன்று: "கிலி பறந்தது" என்று பதிந்தவள், திரும்பக் கேட்டதும் முகம் சுளித்து அழித்தாள். ஐந்தாவது முறை கிளி பறந்தது. நான் மாதக்கணக்கில் திருத்தியும் வராத ளகரம்!

பக்கத்து வீட்டுக் கன்னடப் பையனும் இப்போது வருகிறான். ஸ்டோரிவீவரில் பல கதைகள் இரண்டு மொழியிலும் இருப்பதால், ஒரே படத்தை வைத்து இருவரும் போட்டி போட்டு வாசிக்கிறார்கள். ழகரம் மட்டும் இன்னும் வரவில்லை, வாழைப்பழம் வாளைப்பளமாகவே இருக்கிறது.