நேற்று அடித்த கை இன்று எங்கே போகிறது? பூல் மேசையில் ஏற்றத்தாழ்வு: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கறுப்பு எட்டு:

ஒரு வாரம் எதிராளியை நாற்காலியை விட்டு எழவிடாமல் மேசையைக் காலி செய்துவிடுகிறேன். அடுத்த வாரம் அதே மேசை, அதே கியூ (பந்தை அடிக்கும் கோல்). பாக்கெட் (பந்து விழும் குழி) வாயில் நிற்கும் பந்துகூட உதட்டில் முட்டித் திரும்பி வருகிறது. புதிதாக ஆட வருபவர்களின் தடுமாற்றத்தைப் பற்றி நான் பேசவில்லை. எட்டுப்பந்து ஆட்டத்தில் வருடக்கணக்காக ஊறியவன் நான். பிரேக் (அடுக்கைச் சிதறடிக்கும் முதல் அடி), பொசிஷன் (அடுத்த ஷாட்டுக்கு வசதியாக வெள்ளைப் பந்தை நிறுத்துவது), சேஃப்டி (எதிராளிக்கு வழி விடாமல் அடிப்பது) எல்லாம் தெரியும். தெரிந்தது ஏன் சில நாள் கைக்கு வர மறுக்கிறது என்பதுதான் கேள்வி.

மோசமான நாள் எனக்கு எப்போதும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறது. முதல் இரண்டு பந்துகள் விழும். மூன்றாவதில் பந்து விழுந்தாலும், கியூவால் அடிக்கிற வெள்ளைப் பந்து நினைத்த இடத்தைத் தாண்டி ஒரு சாண் ஓடிவிடும். இழந்த இடத்தைப் பிடிக்க அடுத்த ஷாட்டில் கொஞ்சம் சுழல், கொஞ்சம் வேகம் என்று எதையாவது சேர்ப்பேன். அதோடு சரி. நான் சிரமப்பட்டுப் பிரித்துவைத்த பந்துகளை எதிராளி வந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு போவார்.

"மனதைத் தளர்த்திக்கொள்", "பயிற்சி செய்" என்ற இரண்டு அறிவுரைகளும் எனக்கு ஏற்கெனவே வேண்டிய அளவு கிடைத்துவிட்டன. நீங்கள் பட்டதையும் பார்த்ததையும் எழுதுங்கள்.

மேசை மெக்கானிக்:

மேசைக்குத் துணி மாற்றுவது என் தொழில். "கை வரவில்லை" என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்குக் கையில் கோளாறே இல்லை. "அதே மேசை" என்று எழுதியிருக்கிறீர்களே, மேசை ஒருநாளும் அதே மேசையாக இருப்பதில்லை. காற்றில் ஈரம் ஏறினால் துணி அதை உறிஞ்சிக்கொண்டு பந்தின் ஓட்டத்தைக் குறைக்கும். புதுத் துணி போட்ட வாரம் தலைகீழ்: பந்து உருளத் தொடங்குவதற்கு முன் வழக்கத்தைவிட அதிக தூரம் வழுக்கும். பின்சுழல் கொடுத்தால் வெள்ளைப் பந்து எக்கச்சக்கமாகப் பின்னால் வரும். உங்கள் "ஒரு சாண்" அங்கிருந்துகூட வந்திருக்கலாம்.

ஒரு முறை நல்ல ஆட்டக்காரர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, மேசை சாய்ந்துவிட்டது, மட்டம் பார்க்க வேண்டும் என்றார். மெதுவாக வெட்டும் ஷாட்டெல்லாம் (பந்தின் ஓரத்தில் பட்டு அதைக் கோணமாக அனுப்பும் அடி) பாக்கெட்டுக்கு முன்பக்கக் குஷனில், அதாவது மேசை விளிம்பில், போய் முட்டுகிறதாம். மட்டம் வைத்துப் பார்த்தேன், மேசை சரியாக இருந்தது. ஒரு பந்தை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தேன். விரல் வழுக்காமல் பிசுக்கென்று ஒட்டியது. கியூ முனையில் தடவும் சாக் தூளும் கைவியர்வையும் சேர்ந்த படலம். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்பு கரைத்துப் பதினாறு பந்துகளையும் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்திக் கொடுத்தேன். அவருடைய வெட்டு ஷாட்டுகள் திரும்பி வந்துவிட்டன. நான் வேறெதையும் தொடவில்லை.

காரணம் எளிது. இரண்டு பந்துகள் உரசும்போது, வெள்ளைப் பந்து தான் போகும் திசையிலேயே மற்றப் பந்தையும் சற்று இழுத்துக்கொண்டு போகிறது. பந்து அழுக்கானால் இந்த இழுப்பு கூடும். வெள்ளைப் பந்து மற்றப் பந்தில் பாதியை மறைத்துப் படுகிற கோணத்தில் இது நன்றாகத் தெரியும். மெதுவாக அடித்தால் அதிகம், ஓங்கி அடித்தால் குறைவு. ஆகவே அழுக்குப் பந்து உள்ள நாளில் ஓங்கி அடித்தது விழும், பதமாக அடித்தது விழாது. பதமாக ஆடுகிறவருக்குத்தான் அடி. அவர் தன் கையைச் சந்தேகப்படுவார், அடுத்த ஷாட்டில் குறியை மாற்றுவார், மிச்சமிருந்ததும் கெடும்.

ஆட்டத்துக்கு முன் ஐந்து நிமிடம் கிடைத்தால் பந்தைப் பாக்கெட்டில் போட்டுப் பழகாதீர்கள். வெள்ளைப் பந்தை நீளவாக்கில் மெதுவாக உருட்டி ஓட்டத்தைப் பாருங்கள். ஒரே வெட்டு ஷாட்டைப் பதமாக ஒன்று, ஓங்கி ஒன்று என்று அடித்து, இரண்டுக்கும் இடையே எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். அன்றைய மேசை எப்படிப்பட்டது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

கணக்குப்பிள்ளை:

மெக்கானிக் ஐயா சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் பந்தும் துணியும் கையும் ஒன்றுகூட மாறாவிட்டாலும் ஏற்றத்தாழ்வு இருக்கத்தான் செய்யும். கணக்கைப் பாருங்கள்.

எட்டுப்பந்தில் மேசையைக் காலி செய்ய உங்கள் ஏழும் கறுப்பும் சேர்த்து எட்டுப் பந்துகள் தொடர்ந்து விழ வேண்டும். ஒவ்வொரு ஷாட்டும் நூற்றுக்கு 90 விழுகிறது என்றால், எட்டும் விழுவது நூற்றுக்கு 43 தான். 95 ஆனால் அது 66. 85 ஆனால் 27. அதாவது கை இருபதில் ஒரு பங்கு தளர்ந்தாலே, காலி செய்யும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடுகிறது. அந்த இருபதில் ஒன்று உங்கள் கண்ணில் படாது. தோல்விதான் படும்.

இன்னொன்று. 90 விழுக்காடு என்பது அணுவளவும் மாறாத ஒருவர் மாலையில் ஐந்து முறை பிரேக் செய்து ஆடுகிறார் என்று வையுங்கள். நூறு மாலைகளில் சுமார் 37 மாலைகளில் அவர் மூன்று அல்லது அதற்கு மேல் காலி செய்வார். "இன்று தீயாக இருந்தேன்" என்று வீட்டுக்குப் போவார். சுமார் 29 மாலைகளில் ஒன்று அல்லது பூஜ்யம். அன்று டிப்பை (கியூவின் தோல் முனையை) மாற்றலாமா, நிற்கும் விதத்தை மாற்றலாமா என்று யோசித்தபடி போவார். ஆட்டக்காரர் ஒருவர்தான், திறமையும் ஒன்றுதான்.

பூல் ஆட்டக்காரர்களின் திறமைக்குப் புள்ளி தரும் ஃபார்கோ முறையிலும் இதையே பார்க்கலாம். 100 புள்ளி மேலே இருப்பவர் ஒரு ஆட்டம் விட்டால் இரண்டு ஆட்டம் எடுப்பார் என்பது அதன் கணக்கு. அப்படியிருந்தும் முதலில் ஐந்து எடுப்பவர் வெற்றி என்று வைத்தால், கீழே இருப்பவர் ஏறக்குறைய ஏழில் ஒரு முறை வென்றுவிடுவார். அந்த ஒரு நாளில் தோற்றவர்தான் இங்கே வந்து "எனக்கு என்ன ஆயிற்று" என்று கேட்பவர்.

ஸ்னூக்கர் பழையவர்:

தம்பி, கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் நிஜ மனிதனுக்கு அந்த 90 ஒரே இடத்தில் நிற்பதில்லை, 85க்கு இறங்குகிறது. ஏன் இறங்குகிறது என்பதைக் கணக்கு சொல்லாது. அதைப் பார்க்க ஆட்டக்காரனின் பின்னால் போய் நிற்க வேண்டும்.

பன்னிரண்டு அடி மேசையில் வளர்ந்து பிற்பாடு இந்தச் சிறிய மேசைக்கு வந்தவன் நான். எங்கள் அரங்கத்தில் ஓர் இளைஞர், கறுப்பு எட்டு சொல்கிற அதே ஏற்ற இறக்கம். ஒரு மாலை முழுக்க அவர் ஆடும்போது பந்தைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாக ஆடும்போது குனிந்தபின் கியூவை நான்கு முறை முன்னும் பின்னும் ஓட்டுவார், ஒரு கணம் நிறுத்துவார், அடிப்பார். எண்ணி வைத்தாற்போல. ஆட்டம் நெருக்கமானதும் அந்த நான்கு, எட்டு ஒன்பது ஆனது. எரிச்சல் வந்ததும் ஒன்றாகச் சுருங்கியது. கியூவின் அடிப்பக்கத்தைப் பிடித்திருந்த விரல் முட்டிகள் வெளுத்தன. பந்தில் கியூ படுவதற்குள் தலை எழுந்தது. விழுந்ததா என்று பார்க்கத்தான் அவ்வளவு அவசரம்.

அந்தச் சிறு அசைவு எவ்வளவு கெடுக்கும் என்றால்: வெள்ளைப் பந்துக்கும் அடிபட வேண்டிய பந்துக்கும் இடையில் 45 அங்குலம் இருக்கிறது என்று வையுங்கள். பந்தின் விட்டம் இரண்டேகால் அங்குலம். நேர் ஷாட்டில் வெள்ளைப் பந்து ஒரு டிகிரி விலகினால், மற்றப் பந்து சுமார் 20 டிகிரி விலகிப் போகும். ஒரு டிகிரி என்பது ஒரு விரல் இறுகினாலே வந்துவிடும். எனவே ஒருவருடைய கையை அறிய வெட்டு ஷாட்டைப் பார்க்காதீர்கள். அதில் கண்ணால் கோணம் கணிப்பது, பந்தின் அழுக்கு எல்லாம் கலந்திருக்கும். மேசையின் நீளத்துக்கு ஒரு நேர் ஷாட் வையுங்கள். பந்து விழ வேண்டும், வெள்ளைப் பந்து மோதிய இடத்திலேயே நிற்க வேண்டும். பக்கவாட்டில் நகர்ந்தாலோ நின்ற இடத்தில் பம்பரம்போலச் சுற்றினாலோ, கியூ நேராகப் போகவில்லை.

கனடாவின் ஜோன் விக்கர்ஸ் என்ற ஆய்வாளர், குறி பார்க்கும் விளையாட்டுகளில் தேர்ந்தவர்களின் கண் செயலுக்கு முந்தைய கணத்தில் ஒரே புள்ளியில் நீண்டு நிலைப்பதைக் காட்டினார். பில்லியர்ட்ஸிலும் இதைச் சோதித்திருக்கிறார்கள். தேர்ந்தவர்களின் பார்வை மற்றவர்களைவிட அதிக நேரம் நிலைக்கிறது. அந்த இளைஞரிடம் நான் வேறெதுவும் சொல்லவில்லை. "பந்து பாக்கெட்டில் விழும் ஓசை கேட்கும்வரை குனிந்தே இரு" என்றேன். முதல் வாரம் என்னைத் திட்டினார். இப்போது அவரோடு ஆட நான்தான் யோசிக்கிறேன்.

இடக்கைக்காரி:

எல்லாரும் அடிக்கும்போது நடப்பதையே பேசுகிறீர்கள். என் ஆட்டம் கெடுவது நாற்காலியில்.

போட்டிகளில் எதிராளி நன்றாக ஆடினால் நாம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். கை குளிர்ந்துவிடும். தோள் இறுகிவிடும். திடீரென்று அவர் தவறவிட்டால் எழுந்து போய் முதல் ஷாட்டையே கடினமாக ஆட வேண்டிய நிலை. ஒரு போட்டியில் எனக்கு வாய்த்தவர் ஷாட்டுக்கு ஷாட் சாக் போட்டு, மேசையை வலம் வந்து, குனிந்து, மறுபடி எழுந்து, திரும்பச் சாக் போடுகிறவர். வேண்டுமென்றே செய்தாரா, சுபாவமா தெரியாது. சுபாவம் என்றால் அவர் வீட்டார் பாவம். பாதி ஆட்டத்தில் அவருடைய தாமதத்துக்கு ஈடுகட்ட நான் அவசரப்படத் தொடங்கிவிட்டேன் என்பதைக் கவனித்தேன். அதிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே மணிக்கட்டைத் தளர்த்திச் சுழற்றிக்கொண்டிருப்பேன். எழுந்ததும் முதல் ஷாட்டில் பக்கச் சுழல் கிடையாது, எவ்வளவு அழகான வழி தெரிந்தாலும் சரி.

பக்கச் சுழலைப் பற்றி ஒரு வார்த்தை. தவறியதை எல்லாம் சின்ன நோட்டில் குறித்துவந்தேன்: கனமாகப் பட்டதா (வெட்டு போதவில்லையா), மெலிதாகப் பட்டதா (வெட்டு கூடிவிட்டதா), எந்தப் பக்கம், சுழல் இருந்ததா என்று மட்டும். தவறியவற்றில் பெரும்பகுதி சுழல் வைத்தவை என்பது சில வாரங்களில் தெளிவாகிவிட்டது. நடுவை விட்டு ஓரத்தில் அடித்தால் வெள்ளைப் பந்து கியூ காட்டும் கோட்டில் போகாமல் எதிர்ப்பக்கம் சற்றே ஒதுங்கும். எவ்வளவு ஒதுங்கும் என்பது கியூவுக்குக் கியூ மாறுபடும். முனையில் எடை குறைந்த கியூவில் குறைவு. எனக்குச் சொந்தக் கியூ ஒன்று. மறந்து வந்த நாளில் அரங்கத்துக் கியூ. ஏற்றத்தாழ்வு வராமல் என்ன செய்யும்?

ஒன்பதுபந்து பிரியர்:

சுருக்கமாக எழுதுகிறேன். எதிராளியே வேண்டாம், பேயோடு ஆடுங்கள். பிரேக் செய்யுங்கள், வெள்ளைப் பந்தைக் கையில் எடுத்து விரும்பிய இடத்தில் வையுங்கள், ஒன்று முதல் ஒன்பது வரை வரிசையாக விழுத்துங்கள். ஒன்று தவறினாலும் அந்த ஆட்டம் பேய்க்கு. ஒன்பதும் முடியாதவர் மேசையில் ஐந்தோ ஆறோ வைத்துத் தொடங்கலாம். பேய் சாக் போட்டு இழுத்தடிக்காது, அதிர்ஷ்டத்தில் வெல்லாது. மாதக்கணக்கில் அந்த எண்ணிக்கையைப் பார்த்தால்தான் உங்கள் உண்மையான அளவு தெரியும்.

பெரியவர்களும் விதிவிலக்கு அல்ல. பந்துகள் தீரத் தீர மறுபடி அடுக்கி ஆடும் ஸ்ட்ரெயிட் பூலில் வில்லி மோஸ்கோனி 1954இல் தொடர்ந்து 526 பந்துகள் விழுத்தியதைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. 2019இல் ஜான் ஷ்மிட் 626 எடுத்து அதைத் தாண்டினார், 2022இல் ஜேசன் ஷா 714. அந்த 626க்காக ஷ்மிட் மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப முயன்றார். பாதியில் நின்றுபோன முயற்சிகளின் எண்ணிக்கையை யாரும் மனப்பாடம் செய்வதில்லை.

கறுப்பு எட்டு:

அனைவருக்கும் நன்றி. அக்கா சொன்னதுபோல் இந்த வாரம் நோட்டும் கையுமாகத்தான் ஆடினேன். தவறியவை பெரும்பாலும் கனமாகப் பட்டவை; அதிலும் பதமாக அடித்தவை. நேர் ஷாட்டில் வெள்ளைப் பந்து ஒழுங்காக நிற்கிறது. அப்படியென்றால் கை சரி, பந்துதான் அழுக்கு என்று எடுத்துக்கொள்ளலாமா?

மேசை மெக்கானிக்:

பெரும்பாலும் அதுதான். ஆனால் அதற்கு முன் டிப்பைப் பாருங்கள். மேற்பரப்பு கண்ணாடிபோலப் பளபளத்தால் சாக் ஒட்டாது, சொரசொரப்பாக்கிவிடுங்கள். அழுக்குப் பந்து கழுவும்வரை, பதமான வெட்டுகளை ஒரு மயிரிழை மெலிதாகக் குறி பாருங்கள். கழுவிய அன்றே பழைய குறிக்குத் திரும்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் எதிர்ப்பக்கம் தவறும்.

புதியவர்:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு மாலை ஆறு மணிக்கு மேல்தான் கை வருகிறது. அதற்கு முன் ஆடினால் எதுவும் விழாது. இதற்குக் கணக்கில் இடம் உண்டா?

கணக்குப்பிள்ளை:

தாராளமாக உண்டு. ஆறு மணிக்கு முன்பு நீங்கள் வென்ற ஆட்டங்களையும் குறித்து அனுப்புங்கள், பார்த்துவிடலாம்.