அஞ்சியோகிராம் எடுக்க தேசிய வைத்தியசாலையா, ஜயவர்தனபுரவா?

வெள்ளவத்தை மகள்:
அப்பாவுக்கு 67 வயது, சீனி வருத்தம் இருக்கு. இதய நிபுணர் அஞ்சியோகிராம் (சாயம் ஏற்றி இதயக் குழாய்களை எக்ஸ்றேயில் பார்க்கிறது) செய்யச் சொல்லித் துண்டு தந்திருக்கிறார். தனியார் ஆஸ்பத்திரி எங்களுக்குக் கட்டாது. எங்க போறது நல்லம்? என்ன ஆயத்தம் செய்யவேணும்?

கிளினிக் கொப்பி:
தேசிய வைத்தியசாலையில் காசில்லை. ஆனா துண்டைக் காட்டியதும் திகதி குடுக்கமாட்டினம். முதல்ல இதய கிளினிக்கில பதியவேணும். அங்க டொக்டர் பார்த்துத்தான் பட்டியல்ல போடுவார். பழைய ஈசிஜி, எக்கோ, இரத்த றிப்போட் எல்லாத்தையும் திகதி வரிசையில் கட்டிக்கொண்டு போங்கோ.

ஜயவர்தனபுர ஜப்பான் உதவியில கட்டி 1984இல் திறந்த அரசு வைத்தியசாலை. அதுக்கெண்டு தனிச் சட்டமும் சபையும் இருக்கு. லாபத்துக்கு நடத்துறதில்லை, எண்டாலும் கட்டணம் உண்டு. பலபேர் சிக்குப்படுறது இங்கதான்: அஞ்சியோகிராமுக்கு மட்டும் விலை கேட்டுட்டுப் போவினம். அடைப்புத் தெரிஞ்சால் அதே மேசையில் ஸ்டென்ட்டும் (குழாயை விரிச்சு வைக்கிற சின்ன வலைக்குழாய்) வைக்கலாம், அப்ப பில் பலமடங்காகும். ஸ்டென்ட் இல்லாமல் எவ்வளவு, வைத்தால் எவ்வளவு எண்டு ரெண்டு மதிப்பீடும் எழுத்தில வாங்குங்கோ.

நிழல்மரம்:
சீனி வருத்தக்காரருக்கு முக்கியம் சிறுநீரகம். ஊசியில் போகும் சாயம் அதன் வழியாகத்தான் வெளியேறும். அதனால் அண்மையில் எடுத்த கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்யுது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை) றிப்போட் இல்லாமல் போகாதீங்க. கூடியிருந்தால் திகதியைத் தள்ளிப்போடுவாங்க. அப்பா மெட்ஃபோர்மின் (சீனி மாத்திரை) குடிக்கிறாரா? எப்ப நிறுத்தி எப்பத் தொடங்குறதென்று கேளுங்க. சிறுநீரகம் பழுதுபட்டிருந்தால் அந்த மருந்து உடம்பில் தங்கிவிடும். அன்று காலை சாப்பிடாமல் இருக்கிறவருக்கு வழமையான அளவு இன்சுலின் போட்டால் சீனி விழுந்துவிடும், அதையும் கேளுங்க. வார்ஃபரின் (இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்து) குடிக்கிறார் என்றால் முன்கூட்டியே சொல்லவேணும். இரத்தம் கட்டிபடாமல் தடுக்கும் அஸ்பிரின், குளோபிடோக்ரல் இரண்டையும் நீங்களாக நிறுத்தவே வேண்டாம்.

துண்டு வெட்டி வீட்டுக்கு விடும்போது டயக்னோசிஸ் கார்ட்டோடு (நோய், சிகிச்சை விபரம் எழுதித் தரும் அட்டை) படம் உள்ள சிடியையும் கேட்டு வாங்குங்க. பைபாஸ் (அடைப்பைச் சுற்றி வேறு குழாய் பொருத்தும் சத்திரசிகிச்சை) தேவைப்பட்டால் சத்திரசிகிச்சை நிபுணர் பார்க்கிறது அந்தப் படத்தைத்தான்.

கொட்டாஞ்சேனை வாசகன்:
ஸ்டென்ட், பைபாஸ் என்று வந்தால் ஜனாதிபதி நிதியத்துக்கு உதவிப்பணம் கேட்டு விண்ணப்பிக்கலாம். இப்ப பிரதேச செயலகத்திலேயே குடுக்கலாம். வருமான எல்லை உண்டு, டொக்டர் நிரப்பவேண்டிய பகுதியும் உண்டு. சிகிச்சைக்கு முதலே குடுத்துவிடுங்க.

வெள்ளவத்தை மகள்:
மிச்சம் நன்றி. திகதிக்கு முதல் நெஞ்சு நோவு வந்தால்?

நிழல்மரம்:
உடனே 1990 அம்புலன்ஸுக்கு எடுங்க. காசில்லை, தமிழில் பேசலாம். முச்சக்கர வண்டியில் ஏற்றாதீங்க, வழியில் இதயம் நின்றால் ஒன்றும் செய்யேலாது. அம்புலன்ஸ் அரசு வைத்தியசாலைக்குத்தான் போகும். களுபோவில ஆஸ்பத்திரியா, தேசிய வைத்தியசாலையா என்று அவங்க தீர்மானிக்கட்டும். மருந்துப் பட்டியலையும் அடையாள அட்டையையும் ஒரே பையில் கதவடியில் வையுங்க.