பள்ளத்தூர் வீட்டுக்கு ஹஸ்கி: எங்கள் குடும்பக் குழுவில் இரண்டு நாள் பேச்சு

குழு: பள்ளத்தூர் வீடு

சனிக்கிழமை

காரைக்குடி தம்பி, காலை 6:40
அனைவருக்கும் வணக்கம். என்னோடு வேலை பார்ப்பவர் ஒருவர் அடுத்த மாதம் குடும்பத்தோடு வெளிநாடு செல்கிறார். அவர் வளர்க்கும் சைபீரியன் ஹஸ்கி நாயை, மூன்று வயது ஆண், நல்ல கையில் சேர்ந்தால் போதும் என்று விலையில்லாமலே தரத் தயாராக இருக்கிறார். பள்ளத்தூர் வீட்டில் அப்பத்தாவும் சமையலுக்கு வரும் அம்மாவும் தவிர யாரும் இல்லை. முகப்பு ஒரு தெருவிலும் கொல்லை வாசல் அடுத்த தெருவிலுமாக நீண்டு கிடக்கும் வீட்டுக்கு, ஓநாயைப் போலத் தோற்றமுள்ள ஒரு நாய் காவலுக்கு இருந்தால் நமக்கெல்லாம் நிம்மதி என்று நினைத்தேன். வீட்டு நடுவே வானம் பார்த்த முற்றமாக இருக்கும் வளவில் ஓடியாட இடமிருக்கிறது, தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் கோடையிலும் குளுமையாக இருக்கும், முடியை ஒட்ட வெட்டிவிட்டால் வெயில் ஒன்றும் செய்யாது என்றும் சொல்கிறார்கள். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

சென்னை அப்பச்சி, காலை 7:05
நல்ல யோசனையாகவே எனக்குப் படுகிறது. ஆத்தா தனியாக இருப்பதை நினைத்தால் எனக்கு இரவில் தூக்கம் வருவதில்லை. ஆனாலும் தேவகோட்டையில் இருப்பவர் முப்பது ஆண்டுகள் கால்நடை மருத்துவராக இருந்தவர். அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு முடிவு செய்வோம்.

அப்பத்தா, காலை 7:50
சமையல் அம்மாள் எழுதுகிறேன், ஆச்சி சொல்லச் சொல்ல. தம்பி காட்டிய படத்தைப் பார்த்தேன். ஒரு கண் நீலமாகவும் மற்றது பழுப்பாகவும் இருக்கிறது. நீலக் கண்ணில் பார்வை உண்டா என்று கேட்டுச் சொல்லுங்கள். இந்த ஜாதி நாய் குரைக்காமல் ஊளைதான் இடும் என்றும் சொல்கிறார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டு வாசலில் நாய் ஊளையிட்டால் எனக்கு மனசு சரிப்படாது. பங்குனி பிறந்ததும் வளவில் வற்றலும் கூழ்வடகமும் காயப்போடுவேன், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

குன்னூர் ஆச்சி, காலை 9:15
தம்பி, நீ அப்பத்தாவை நினைத்துத்தான் இதைக் கேட்கிறாய் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் காவல் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடு. நாங்கள் மதுரையில் இருந்தபோது, ஓர் இரவு மதில் ஏறி வந்த ஒருவன் பிள்ளையின் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போனான். மறுநாள் கேமராவைப் போட்டுப் பார்த்தோம். அவன் பூட்டை நெம்பி முடிக்கும் வரையில் அப்போது நாங்கள் வளர்த்த ஹஸ்கி, எங்கள் பனி, அவன் பக்கத்திலேயே வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறது, அவன் அதன் தலையைத் தடவிக்கொடுக்கிறான், ஒரு குரைப்புக்கூட இல்லை. அது பனியின் குற்றமன்று. புது மனிதரைக் கண்டால் உறுமும் சுபாவமே அந்த இனத்துக்குக் குறைவு. பார்க்கப் பயமாக இருப்பதை வைத்து நாம்தான் அதற்கு ஒரு வேலையைக் கற்பித்துக்கொள்கிறோம்.

குன்னூர் ஆச்சி, காலை 9:31
வளவில் இடமிருக்கிறது என்கிறாயே, அது இடத்தால் தீருகிற பசி அன்று. பனிக்கு நாள்தோறும் விடியற்காலையில் ஒரு மணி நேரமாவது ஓட வேண்டும். உடன் ஓடவும் ஆள் வேண்டும். நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்விட்ட முதல் வருடத்தில், பின்கட்டுத் தேக்குக் கதவின் அடிச்சட்டத்தை ஒரு விரல் ஆழத்துக்குப் பிறாண்டி வைத்திருந்தது. அதன் நகத்தில் ரத்தம் உறைந்திருந்ததை நான் மாலையில் வந்துதான் பார்த்தேன். மல்லிகைப் பந்தலுக்கு அடியில் தோண்டி வெளியேறி, இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் மூன்று கோழிகளைக் கொன்றுவிட்டது. அன்றைக்கு அந்த வீட்டு அம்மாவின் முன்னால் நான் தலைகுனிந்து நின்றேன். மனிதரிடம் அத்தனை சாதுவாக இருக்கும் நாய் கோழியிடமும் ஆட்டுக்குட்டியிடமும் அப்படி இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. பள்ளத்தூரில் கொல்லைக் கதவைத் திறந்தால் ஆடு மேய்கிற ஊருணிக்கரை அல்லவா?

சிங்கப்பூர் அண்ணன், காலை 10:02
ஆச்சி சொல்வது புரிகிறது. எனக்கு ஓர் ஐயம். சூரியனிலிருந்து அந்த முடியே நாயைக் காக்கும் என்று சிலரும், மழித்துவிட வேண்டும் என்று சிலரும் சொல்கிறார்கள். இரண்டும் எப்படிச் சரியாகும்? ஓர் அறைக்கு ஏசி வைத்துவிட்டால் என்ன?

தேவகோட்டை அம்மான், காலை 11:20
எல்லோருடைய செய்தியையும் படித்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹஸ்கிக்கு இரண்டடுக்கு முடி. உள்ளே பஞ்சு போல நெருக்கமான அடிமுடி, மேலே நீண்ட காப்பு முடி. மேல்முடி வெயில் நேராகத் தோலில் படாமல் தடுப்பது உண்மை. மழித்துவிட்டால் தோல் வெந்துபோவதோடு, மறுபடி வளரும்போது அடிமுடி முந்திக்கொண்டு திட்டுத் திட்டாகத் தடித்து நிற்கும். சில நாய்களுக்குப் பழைய முடி திரும்புவதே இல்லை. ஆகையால் செய்ய வேண்டியது வெட்டுவதன்று, உதிரும் அடிமுடியைச் சீப்பால் வாரி எடுத்து உள்ளே காற்றுப் போக வழிவிடுவது. ஆனால் விற்பவர்கள் இந்தப் பாதி உண்மையைப் பிடித்துக்கொண்டு, முடியே காப்பாற்றும், எந்த ஊரிலும் வளர்க்கலாம் என்று மீதியையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். அதுதான் பெரிய தவறு.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது; பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்வை உண்டு. மூச்சு இளைத்து இளைத்து, நாக்கிலும் மூச்சுப்பாதையிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் அது உடம்புச் சூட்டைக் குறைக்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும். நாயின் இயல்பான உடல்வெப்பம் 38 முதல் 39 டிகிரியை ஒட்டி இருக்கும். 41 டிகிரியைத் தாண்டினால் குடலும் சிறுநீரகமும் மூளையும் பழுதுபடத் தொடங்கும். காரைக்குடிப் பக்கம் சித்திரையில் வெளிக்காற்றே 38 டிகிரியைத் தொடுகிறது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆத்தங்குடிக் கல்லின் குளுமை, நாய் சும்மா வயிற்றைத் தரையில் ஒட்டிப் படுத்திருக்கும் வரையில் உதவும். கூரையில்லாத வளவில் உச்சி வெயில் இறங்கும் கல்லில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

ஏசி அறை நாயை உயிரோடு வைத்திருக்கும். ஆனால் அறைக்குள் நாள் முழுவதும் அடைத்துவைத்தால், குன்னூர் ஆத்தா கதவைப் பற்றி எழுதினாளே, அதுதான் நடக்கும். கரண்ட் போகிற ஊரில் பூட்டிய அறை அதைவிடவும் ஆபத்து.

தேவகோட்டை அம்மான், காலை 11:48
ஓநாய் என்ற பேச்சு வந்தது. ஹஸ்கி ஓநாய்க் கலப்பு அன்று. சைபீரியாவின் வடகிழக்குக் கோடியில் சுக்சி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சறுக்குவண்டி இழுக்க வளர்த்த வேலைநாய் அது. 1909-இல் அலாஸ்காவின் நோம் நகரில் நடந்த நீண்ட பந்தயத்தில் அந்த நாய்களை முதன்முதலாக ஓட்டியபோது, உருவம் சிறிதாக இருக்கிறதே என்று அங்கிருந்தவர்கள் பொருட்படுத்தவில்லை. 1925-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அதே நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியது. ஏறத்தாழ 1,085 கிலோமீட்டர் பனிவழியை 20 ஓட்டுநர்களும் 150 நாய்களும் கைமாற்றிக் கைமாற்றி, ஆறு நாளுக்குள் கடந்து மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பால்டோ, டோகோ என்ற நாய்களின் பெயரை உலகம் அறிந்தது அந்த ஓட்டத்தால்தான். மிகக் கடினமான நெடுவழியை இழுத்தது லெயோன்ஹார்ட் செப்பாலாவின் டோகோ.

இதை நான் ஏன் சொல்கிறேன் என்றால், அந்த நாய்களில் ஒன்றுகூடத் தனியாக ஓடவில்லை. கூட்டத்தோடு ஓடவும், அறிமுகமில்லாத ஓட்டுநர் வந்தாலும் முரண்டு பிடிக்காமல் இருக்கவும், முன்னே உள்ள பனி சரியில்லை என்றால் சொல்பேச்சை மீறி நிற்கவும் பழகிய இனம். நாம் வீட்டில் வைத்துக்கொண்டு அடங்காத நாய், நன்றி இல்லாத நாய் என்று குறை சொல்வதெல்லாம் அந்த வேலைக்கு வேண்டியிருந்த குணங்கள். என்னைக் கேட்டால், நம் ஊர் வெயிலைவிட நம் ஊர் வீடுகளின் தனிமையே அதற்குப் பெரிய துன்பம். வெயிலாவது மூன்று மாதம்.

காரைக்குடி தம்பி, நண்பகல் 12:10
அம்மான், அப்பத்தா கேட்ட கண்ணையும் ஊளையையும் பற்றிச் சொல்லுங்கள்.

தேவகோட்டை அம்மான், நண்பகல் 12:26
நீலக் கண்ணுக்குப் பார்வை முழுதாக உண்டு, அவர்கள் கவலைப்பட வேண்டாம். ஹஸ்கியின் நீலக் கண் நோயினால் வருவதன்று, மரபணுவினால் வருவது. 2018-இல் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட நாய்களை வைத்துச் செய்த ஆய்வில் அதற்கான இடத்தையும் கண்டுபிடித்தார்கள். ஒரு கண் நீலமும் ஒரு கண் பழுப்புமாக இருப்பது இந்த இனத்தில் சாதாரணம். ஆனால் கண்ணின் நிறத்தோடு தொடர்பில்லாமல், பரம்பரையாக இளவயதிலேயே கண்புரை விழுவது இவற்றில் உண்டு. ஆகவே யார் எடுத்தாலும் கண்ணை ஒரு முறை சோதித்துக்கொள்ள வேண்டும். குட்டி விற்கும்போது காட்டுகிற வம்சச் சான்றிதழ் தாய் தகப்பன் யார் என்று சொல்லும். கண் நன்றாக இருக்கிறதா என்று சொல்லாது.

ஊளை என்பது இந்த இனத்தின் பேச்சு. ஒன்றையொன்று கூப்பிடுவதற்கும், ஆள் வந்ததைச் சொல்வதற்கும், சில வேளை சும்மாவும் இடும். சாவுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. இருந்தாலும் அத்தையின் மனத்தையும் நான் தள்ளிப் பேச மாட்டேன். எண்பத்திரண்டு வயதில், விளக்கு வைக்கிற நேரத்தில், தனி வீட்டில் அந்தச் சத்தம் கேட்டால் யாருக்கும் நெஞ்சு பதறும்.

குன்னூர் ஆச்சி, பிற்பகல் 2:05
வற்றலைப் பற்றி அப்பத்தா சொன்னதையும் விட்டுவிடக் கூடாது. ஆண்டுக்கு இரண்டு முறை அடிமுடி மொத்தமாகக் கழன்று வரும். ஒரு மூன்று வாரம், நாள்தோறும் மாலையில் மொட்டை மாடியில் பனியை நிறுத்தி வாரினால், தலையணை உறை ஒன்று நிறையும் அளவுக்கு வெள்ளைப் பஞ்சு சேரும். காற்று அடித்தால் அது எதிர்வீட்டுக் கொடித்துணியில் போய் ஒட்டும். வளவில் காயும் கூழ்வடகத்தில் விழுந்தால் எடுக்க முடியாது. சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. உருவத்தைப் பார்த்து நிறைய இறைச்சி வேண்டும் என்று நினைப்பார்கள், அது அப்படியில்லை, அதன் எடைக்கு நாம் நினைப்பதைவிடக் குறைவாகவே உண்ணும். ஆனால் நம் வீட்டுக் குழம்பு மட்டும் ஆகவே ஆகாது. வெங்காயமும் பூண்டும் எந்த நாய்க்கும் ரத்தத்தின் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். செட்டிநாட்டுச் சமையலில் அவை இரண்டும் இல்லாத குழம்பு எது?

சென்னை அப்பச்சி, பிற்பகல் 3:30
இவ்வளவையும் நான் யோசிக்கவில்லை. அப்படியானால் ஆத்தாவுக்குக் காவல் என்ன?

தேவகோட்டை அம்மான், பிற்பகல் 3:52
அத்தான், காவலுக்கு நாய்தான் வேண்டுமென்றால் கோம்பையும் ராஜபாளையமும் நம் மண்ணிலேயே இருக்கின்றன. அவற்றையும் பழக்க ஆள் வேண்டும் என்பது வேறு. நான் போன முறை வந்தபோது, முகப்புத் திண்ணைக்கு அடியில் ஒரு செவலை நாய் படுத்திருந்தது. கேட்டில் நான் கை வைத்ததும் தெருவே எழும்பும்படி குரைத்தது. அத்தை நாள்தோறும் அதற்குச் சோறு வைக்கிறார்கள். அதற்கு வெறிநோய்த் தடுப்பூசியும் கருத்தடையும் செய்துவிட்டுக் கழுத்தில் ஒரு பட்டை கட்டிவிடுவோம். நானே வருகிறேன்.

அப்பத்தா, மாலை 4:40
செவலை என் பிள்ளை மாதிரி. ஊசி போடும்போது நான் பிடித்துக்கொள்கிறேன்.

காரைக்குடி தம்பி, மாலை 6:15
நீங்கள் சொன்னதை எல்லாம் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்த நாய் இப்போது இருக்கிறதே, அதற்கு என்ன வழி? இன்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பால்கனிக் கம்பிக்கு இடையில் மூக்கை நீட்டிக்கொண்டு தெருவைப் பார்த்துப் படுத்திருக்கிறது. என்னை இதற்கு முன் பார்த்ததே இல்லை. ஆனாலும் இரண்டு முன்னங்காலையும் என் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கவே மாட்டேன் என்றது. அவர் கிளம்புகிற அவசரத்தில் யாரிடமாவது கொடுத்துவிட்டால், வாங்கியவர் இரண்டு மாதத்தில் நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டுப் போவார். அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை

குன்னூர் ஆச்சி, காலை 5:55
இரவெல்லாம் நானும் என் வீட்டுக்காரர் அவர்களும் பேசினோம். பனி போய் ஒன்றரை ஆண்டு ஆகிறது. இனி வேண்டாம் என்றுதான் இருந்தோம். குட்டியை விலைக்கு வாங்குவதாக இருந்தால் இப்போதும் வேண்டாம் என்றே சொல்வேன், வாங்கினால் இன்னொரு குட்டியைப் பிறக்க வைப்பார்கள். தமிழ்நாடு அரசு 2024-இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், இங்குள்ள தட்பவெப்பத்துக்கு ஒவ்வாத இனங்களின் பட்டியலில் ஹஸ்கியும் இருந்தது. ஆனால் பிறந்து வளர்ந்து நிற்கிற நாய் வேறு. அவர்கள் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறார்கள், காலையில் தேயிலைத் தோட்டத்து வழியில் நடக்கிறார்கள். நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

தேவகோட்டை அம்மான், காலை 6:20
மிக்க மகிழ்ச்சி ஆத்தா. ஒன்று மட்டும் மறக்காதே. குன்னூரில் குளிர் இருக்கிறது, சிறுத்தையும் இருக்கிறது. இருட்டிய பிறகு நாய் வீட்டுக்குள் இருக்க வேண்டும், வராந்தாவில் கட்டக் கூடாது. சமவெளியில் மூன்று ஆண்டு வளர்ந்ததால் உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தம் சோதிக்க வேண்டும். கண்ணையும் அன்றே பார்த்துவிடலாம். தம்பி தடுப்பூசிப் புத்தகத்தை வாங்கி வைக்கட்டும்.

காரைக்குடி தம்பி, காலை 7:30
அவரிடம் பேசிவிட்டேன். கண் கலங்கிவிட்டார். அடுத்த சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு நான் வண்டியில் கிளம்புகிறேன். விடியும்போது மேட்டுப்பாளையம் சேர்ந்துவிடலாம்.

தேவகோட்டை அம்மான், காலை 7:41
மலை ஏறும் முன் சோறு வைக்காதே, வாந்தி எடுக்கும். தண்ணீர் மட்டும் கொடு. வழியில் டீ குடிக்க நிறுத்தினாலும் கண்ணாடியை ஏற்றி நாயை உள்ளே விட்டுப் போகாதே, இரவானாலும் கூடாது. மூச்சு இரைப்பு அடங்காமல் நாக்கு கருஞ்சிவப்பாக மாறினால், தண்ணீரை உடம்பு முழுதும் ஊற்றிக் காற்றுப் படும்படி செய். ஈரத்துண்டைப் போர்த்தி வைக்காதே, அது சூட்டை உள்ளேயே நிறுத்தும். உடனே எனக்குக் கூப்பிடு.

அப்பத்தா, காலை 8:25
சனிக்கிழமை போகிற வழியில் பள்ளத்தூருக்குள் வந்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். நான் ஒரு தடவை அந்தக் கண்ணைப் பார்க்க வேண்டும். செவலையைப் பின்கட்டில் கட்டி வைக்கிறேன். வெங்காயம் போடாத தயிர்ச்சோறு அதற்குக் கொடுக்கலாமா?

குன்னூர் ஆச்சி, காலை 8:31
ஒரு கரண்டி கொடுங்கள் அப்பத்தா, மலை ஏறுவதற்கு முன் செரித்துவிடும். தாளிக்க வேண்டாம்.