வேலா லூக்கா போகணும், ஒலிவர் பாட்டு ஒண்ணுமே தெரியாது. அவசரம்!

புதுவரவு:
குரோஷியாவுல ஸ்பிளிட் நகரத்துல இப்பதான் வேலைக்குச் சேர்ந்திருக்கேன். ஒலிவர் நினைவு நாளுக்கு எல்லாரும் வேலா லூக்கா போறோம், நீயும் வந்து பாடணும்னு டீம்ல சொல்லிட்டாங்க. யாருங்க இவர்? டிக்கெட் கிடைக்குமா? கை கால் ஓடலை.

தென்றல்:
முதல்ல முகவரிப் பதிவு முடிஞ்சுதா? வாடகை ஒப்பந்தத்துல வீட்டுக்காரர் கையெழுத்தை நோட்டரி சரிபார்த்திருக்கணும். ஓஐபிங்கிற 11 இலக்கத் தனிநபர் அடையாள எண் இல்லாம இங்க ஒரு காரியமும் நகராது. பாட்டு அப்புறம்.

மீன்குழம்பு:
தம்பி கேட்டது அதுவா? பாடகர் ஒலிவர் டிராகோயெவிச், 1947ல ஸ்பிளிட்ல பிறந்தவர். சின்ன வயசு கோர்ச்சுலா தீவுல இருக்கிற வேலா லூக்காவுல. 1967ல ஸ்பிளிட் இசைவிழா மேடை ஏறினார், பிறகு வெளிநாட்டுக் கிளப்புகள்ல வாசிச்சார். திரும்பி வந்து இசையமைப்பாளர் ஸ்டென்கோ ருன்யிச்சோட சேர்ந்தப்புறம்தான் கொடி பறந்துச்சு. 1975ல 'கலேப் இ யா' பாட்டு, 1993ல பாடகர் ஜிபோனி எழுதிய 'செசாரிட்சா'. 2018 ஜூலை 31ல புற்றுநோயில இறந்தார். உடலைக் கப்பல்ல வேலா லூக்கா கொண்டுபோய் அடக்கம் பண்ணாங்க. 'செசாரிட்சா' பல்லவியை மட்டும் மனப்பாடம் பண்ணுங்க, போதும்.

உப்புக்காற்று:
அது வேண்டவே வேண்டாம். பல்லவி மேலே ஏறும், தொண்டை கட்டிக்கும். 'கலேப் இ யா' நிதானமான பாட்டு. மத்தவங்க குரல் குரலாப் பிரிச்சுப் பாடுவாங்க, நீங்க கீழ் ஸ்தாயில முனகினாலே ஒட்டிக்கும். அர்த்தம் பார்க்க மொழிபெயர்ப்புச் செயலியை நம்பாதீங்க, இந்த டால்மேஷியக் கடற்கரையோட வட்டாரப் பேச்சு அதுக்குப் பிடிபடாது.

தென்றல்:
ஒப்பந்தம் ஜூன் வரைக்கும்தானா பாருங்க. கோடையில காலி பண்ணச் சொல்லிட்டு சுற்றுலாக்காரங்களுக்கு நாள் வாடகைக்கு விடுவாங்க.

மீன்குழம்பு:
அதுக்கு மேல கொள்ளை வாடகை! கறிவேப்பிலைக்கும் வழியில்லாத ஊர்ல இவ்வளவு வாடகை.

உப்புக்காற்று:
புலம்பல் போதும், பயணத்துக்கு வருவோம். 'கோர்ச்சுலா'ன்னு டிக்கெட் எடுத்துடாதீங்க. அது தீவோட கிழக்கு முனையில இருக்கிற ஊர். வேலா லூக்கா மேற்கு முனை, நடுவுல 45 கிலோமீட்டர் மலைப்பாதை. டிக்கெட்ல 'வேலா லூக்கா'ன்னே இருக்கணும். கட்டமரான்ங்கிற வேகப் படகுல சுமார் ரெண்டு மணி நேரம், வண்டி ஏறாது. கார் ஏத்துற கப்பல்ல மூணு மணி நேரத்தை ஒட்டி ஆகும். கட்டமரான் நேரம் தீவுக்காரங்க வசதிக்குப் போட்டது: விடியக்காலை அங்கிருந்து கிளம்பும், மதியத்துக்கு மேல ஸ்பிளிட்ல இருந்து திரும்பும். கச்சேரி முடிஞ்சு அன்னைக்கே அதுல வர முடியாது, படுக்க இடம் இப்பவே பிடிங்க. காத்து பலமா வீசினா முதல்ல ரத்தாகிறதும் கட்டமரான்தான், பெரிய கப்பல் பெரும்பாலும் ஓடும். கோடையில சீட் சீக்கிரம் தீரும். டீம்ல கார் எடுக்கிறாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க, எந்தக் கப்பல்னு அதை வச்சுத்தான் சொல்லணும்.