பணம் வந்த பிறகும் ஹெல்த் ஸ்கோர் சிவப்பு காட்டுகிறது

தாம்பரம்லோக்கல்:
ஏழு பேர் வேலை செய்யும் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி எங்களுடையது. பில்லிங் விவரங்களை கஸ்டமர் சக்சஸ் டூலில் (ஒவ்வொரு வாடிக்கையாளரும் நம்மோடு நிலைப்பாரா என்பதை ‘ஹெல்த் ஸ்கோர்’ என்று நிறத்தில் காட்டும் மென்பொருள்; சிவப்பு என்றால் ஆபத்து) இணைத்து மூன்று வாரம் ஆகிறது. திங்கட்கிழமை ஒரு வாடிக்கையாளர் சிவப்பாகி, ‘பாக்கி 10,000, 30 நாள் தாண்டியது’ என்று காட்டியது. நானும் நம்பி போன் போட்டுவிட்டேன். “டிடிஎஸ் பிடித்ததுபோக மீதியை அன்றைக்கே அனுப்பிவிட்டோமே, தம்பி” என்றார் அவர்கள் அக்கவுண்ட்ஸ் மேடம். கூடுதலாகப் பத்து லாகின் விற்க அடுத்த வாரம் அவர்களிடம்தான் பேச வேண்டும்!

ஆண்டு பில் 1,00,000, ஜிஎஸ்டி 18,000. டிடிஎஸ் (எங்கள் வருமான வரிக் கணக்கில் சேர அவர்களே பிடித்து அரசுக்குக் கட்டுவது) 10,000 போக வந்தது 1,08,000. மாத வருமானம் வேறு 9,833 என்று காட்டுகிறது. 8,333 தானே வர வேண்டும்?

பேரேடு:
டூல் மேல் தப்பில்லை. இன்வாய்ஸின் மொத்தத் தொகையை இழுத்திருக்கிறீர்கள், அதனால் ஜிஎஸ்டியும் சேர்ந்து 12-ஆல் வகுபடுகிறது. வரிக்கு முந்தைய தொகையை இழுங்கள்.

பாக்கி விஷயம் உங்கள் கணக்குப் பிரிவில் இருக்கிறது. பணம் வந்த அன்றே டிடிஎஸ்ஸையும் அதே இன்வாய்ஸில் வரவு வைத்தால் பாக்கி பூஜ்யம். பல இடங்களில் டிடிஎஸ் சர்ட்டிபிகேட் கைக்கு வரட்டும் என்று காத்திருப்பார்கள். அது காலாண்டு முடிந்து, வாடிக்கையாளர் டிடிஎஸ் ரிட்டர்ன் போட்ட பிறகுதான் வரும். அதுவரை சிவப்புதான். இப்போதைக்கு, பாக்கி வரிக்கு முந்தைய தொகையில் சரியாக 10 அல்லது 2 சதவீதமாக (டிடிஎஸ் பிடிக்கும் விகிதங்கள்) இருந்தால் ஸ்கோரைத் தொடாதே என்று ஒரு விதி போடுங்கள்.

ராக்கோழி:
இன்னொன்று. வாடிக்கையாளர்களை எதை வைத்துப் பொருத்துகிறீர்கள்? பெயரை வைத்து என்றால் மாட்டிக்கொள்வீர்கள். ஒரே கம்பெனிக்கு சென்னையில் ஒரு ஜிஎஸ்டி எண், பெங்களூரில் ஒன்று. எங்களிடம் அது இரண்டு வாடிக்கையாளராக உட்கார்ந்திருந்தது. ஜிஎஸ்டி எண்ணின் 15 எழுத்தில் 3 முதல் 12 வரை பான் எண்தான், அதை வைத்துப் பொருத்துங்கள். (ஒரே பானில் மூன்று கடை நடத்தும் தனிமுதலாளிகளை மட்டும் கையால் பாருங்கள்.)

தாம்பரம்லோக்கல்:
பேரேடு சொன்னதேதான். எங்கள் அக்கவுண்ட்ஸ் அக்காவிடம் கேட்டேன், சர்ட்டிபிகேட்டுக்காக 14 இன்வாய்ஸ் திறந்தே கிடக்கிறது. அதில் மூன்று பேருக்கு நான் ஏற்கெனவே ‘நினைவூட்டல்’ மெயில் அனுப்பியிருக்கிறேன். மன்னிப்பு மெயிலை இப்போதுதான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.