ஆஸ்பத்திரி பில், காப்புறுதி: விளங்கினவர்கள் உதவுங்கள்

அண்ணாமார், அக்காமார், அம்மாவை டெங்கு என்று கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நாலு நாள் வைத்திருந்தோம். பில் 286,400 ரூபாய். காப்புறுதிக் கம்பனி தந்தது 171,000, மீதிக்கு ‘பொலிசியில் அடங்காது’ என்று ஒற்றை வரி. விவரப் பட்டியல் கேட்டு வாங்கிப் பார்த்தால் கையுறை மட்டும் 46 சோடி! அறை வாடகைக்கு உச்சவரம்பு இருக்கிறது, சரி, ஆனால் தினமும் பிளேட்லட் பார்த்த இரத்தப் பரிசோதனையை ஏன் வெட்டினார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. முதலில் கம்பனிக்கே எழுத்தில் முறைப்பாடு கொடுத்து, சரிவராவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் (காப்புறுதி முறைப்பாடுகளை நடுநிலையாக விசாரிப்பவர்) போகலாம், அதற்குக் கட்டணமும் இல்லை என்று தெரியும். அப்படிப் போனவர்கள் இருக்கிறீர்களா? கடிதத்தில் என்ன எழுதினீர்கள், டயக்னோசிஸ் கார்ட் (வீட்டுக்கு விடும்போது ஆஸ்பத்திரி தரும் நோய் விவர அட்டை), லேப் ரிப்போட் தவிர வேறென்ன இணைத்தீர்கள்? கையுறைக் கணக்கை ஆஸ்பத்திரியிடம் தனியாகக் கேட்க வேண்டுமா?