‘ஃபிட்னஸ் டிராக்கர்’, ‘ஸ்மார்ட்வாட்ச்’: இரண்டுக்கும் தனித்தனித் தமிழ்ப் பெயர் தேவையா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

செயலித் தமிழாக்கக் கோப்பில் இந்த இரண்டு சொற்களும் அடுத்தடுத்த வரிகளில் நிற்கின்றன. ‘ஸ்மார்ட்வாட்ச்’ வரியை நிரப்பிவிட்டேன்: திறன்கடிகாரம். திறன்பேசி ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் இதற்கு விளக்கம் தேவைப்படாது. ‘சூட்டிகைக் கடிகாரம்’ என்று எழுதுபவர்களும் உண்டு. சூட்டிகை நல்ல சொல்தான், ஆனால் பேச்சில் அது துறுதுறுப்பான பிள்ளைகளுக்குத்தான் பொருந்துகிறது. பொத்தானில் இடத்தையும் அடைத்துக்கொள்ளும். இதில் பெரிய மறுப்பு வராது என்று நம்புகிறேன்.

இழுபறி எல்லாம் ‘ஃபிட்னஸ் டிராக்கர்’ என்ற இன்னொரு சொல்லில்தான். நடை, உறக்கம், நாடித்துடிப்பு எல்லாவற்றையும் குறித்து வைக்கும் கருவி அது, பெரும்பாலும் கையில் கட்டும் பட்டை. நலப்பட்டை, நடைமானி, உடற்பயிற்சிக் கண்காணிப்பி என்று மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. அவற்றைப் பார்ப்பதற்கு முன்னால் நேற்றைய கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

> இரண்டுக்கும் ஒரே பெயர் போதாதா? இப்போது பட்டையிலும் குறுஞ்செய்தி வருகிறது, கடிகாரத்திலும் நாடித்துடிப்பு தெரிகிறது. எதற்கு இரண்டு சொல்?

கடைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. கையில் கட்டிக்கொண்டு நாலு நாள் புழங்கினால் அப்படி இல்லை. இது பட்டையா கடிகாரமா என்று தெரிந்துகொள்ள நான் ஒரு கேள்வி கேட்பேன்: கழற்றி மேசைமேல் வைத்துவிட்டால் எது குறையும்? திறன்கடிகாரம் என்றால் அழைப்பு வருவது தெரியாது, வழிகாட்டும் அதிர்வு வராது, கடையில் கையை நீட்டிப் பணம் கட்ட முடியாது. அதாவது திறன்பேசியோடு இருக்கும் தொடர்பு குறையும். டிராக்கர் என்றால் அந்த நேரத்தில் ஒன்றுமே குறையாது. மறுநாள் வரைபடத்தில் ஓர் இடைவெளி இருக்கும், அவ்வளவுதான். ஒன்று உங்களோடு பேசுவதற்கு, மற்றொன்று உங்களைக் குறித்துக்கொள்வதற்கு.

மின்கல விஷயமும் இங்கேதான் வருகிறது. சாதாரணப் பட்டை ஒருமுறை மின்னேற்றினால் ஒரு வாரம் தாங்கும், சில இரண்டு வாரம்கூட. ஆப்பிள் வாட்ச் 2015இல் வந்தபோது நிறுவனம் சொன்ன கணக்கு 18 மணி நேரம். பல தலைமுறைகள் வந்த பிறகும் சாதாரண மாடலுக்கு அதே 18 மணி நேரத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மின்கலம் மட்டமானது என்று பொருளில்லை. பெரிய ஒளிர்திரை, முழு இயங்குதளம், அதன்மேல் செயலிகள், சில மாடல்களில் தனி இணைய இணைப்பு என்று எல்லாவற்றுக்கும் அந்தச் சின்ன மின்கலம்தான் தீனி போட வேண்டும். பட்டையில் திரை பெரும்பாலும் அணைந்தே கிடக்கும். சின்னச் செயலகம் (புராசஸர்) அவ்வப்போது விழித்து உணரிகளைப் படித்துவிட்டு மறுபடி தூங்கிவிடும்.

அன்றாடத்தில் இதன் விளைவு என்ன? கடிகாரத்தை மின்னேற்றப் பலர் தேர்ந்தெடுக்கும் நேரம் இரவு. மின்னேற்றியில் கிடக்கும் கருவி உறக்கத்தை எப்படிப் பதியும்? உறக்கம் வேண்டும் என்றால் குளிக்கும் நேரம், சாப்பிடும் நேரம் என்று துண்டு துண்டாக மின்னேற்றப் பழகிக்கொள்ள வேண்டும். சிலருக்கு அது பழக்கமாகிவிடும், பலருக்கு ஆகாது. ஓட்டக்காரர்களுக்கான கடிகாரங்கள் சில வாரக்கணக்கில் ஓடுகின்றன என்று யாராவது சொல்வீர்கள், உண்மைதான். அவை வட்டமாக, கடிகாரம் போலவே இருந்தாலும் மேலே கேட்ட கேள்விக்கு டிராக்கர் பக்கமாகத்தான் பதில் சொல்லும்.

ஆகவே இரண்டு சொல் வேண்டும். இனி பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

‘நடைமானி’ இடுப்பில் மாட்டும் பழைய கருவிக்கு அச்சாகப் பொருந்தும். 1965இல் ஜப்பானின் யமாசா நிறுவனம் ‘மன்போ-கேய்’ என்று ஒரு கருவியை விற்றது. ‘பத்தாயிரம் காலடி மானி’ என்பது அதன் பொருள். இன்றைக்குப் பல செயலிகள் காட்டும் பத்தாயிரம் அடி இலக்கு ஆய்வுக்கூடத்தில் பிறந்ததல்ல, ஒரு விற்பனைப் பெயரிலிருந்து வந்தது என்பது பலருக்குத் தெரியாது. போகட்டும். நடைமானி என்ற சொல்லை அந்தக் கருவிக்கே விட்டுவிடலாம், ஏனென்றால் இப்போதைய டிராக்கர் நடையோடு நிற்பதில்லை. அந்த நடைக் கணக்குமே கை வீச்சை வைத்துத்தான். முடுக்கமானி மூன்று அச்சுகளில் அசைவைப் பார்க்கிறது, நடைக்குரிய சீரான ஏற்ற இறக்கம் வந்தால் ஓர் அடி என்று எண்ணிக்கொள்கிறது. குழந்தை வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்து பாருங்கள், கால் நடக்கும், கணக்கு நடக்காது. உட்கார்ந்தபடி தாளம் போட்டாலோ சில அடிகள் இலவசமாக ஏறும்.

‘நலப்பட்டை’ சொன்ன தோழிக்கு: காதுக்கு இனிமையான சொல், இரண்டு சிக்கல்கள். ஒன்று, எல்லாம் பட்டை அல்ல. ஃபிட்பிட் நிறுவனம் 2009இல் விற்ற முதல் கருவி உடையில் செருகும் கவ்விதான். இன்று அதே வேலையை மோதிரம் செய்கிறது. இரண்டாவது, ‘நலம்’ என்று பெயரிலேயே வாக்குக் கொடுப்பது கொஞ்சம் அதிகம். கருவி நலத்தை அளப்பதில்லை. அசைவையும் ஒளியையும் அளக்கிறது.

ஒளி என்றதும் கேட்கத் தோன்றும். இருட்டில் கருவியைக் கழற்றி அடிப்பக்கம் பாருங்கள், பச்சை ஒளி படபடக்கும். இரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் மணிக்கட்டின் நுண்குழாய்களில் இரத்தம் கூடும்போது திரும்பி வரும் ஒளி சற்றுக் குறைகிறது, அடுத்த கணம் கூடுகிறது. பக்கத்தில் இருக்கும் ஒளியுணரி அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணுகிறது. பட்டை தளர்ந்து வெளி ஒளி உள்ளே புகுந்தால் கணக்குத் தடுமாறும். அந்த இடத்தில் அடர்த்தியாகப் பச்சை குத்தியிருந்தாலும், குளிரில் கை விறைத்திருந்தாலும் அதே கதை. எடை தூக்கும்போது மணிக்கட்டு மடங்குவதால் எண் துள்ளும். இதயத்தின் மின்குறிகையை நேரடியாகப் பிடிக்கும் மார்புப் பட்டை இந்த வம்பெல்லாம் இல்லாதது. பின்லாந்தின் போலார் நிறுவனம் 1982லேயே கம்பியில்லாத அப்படி ஒரு கருவியைக் கொண்டுவந்துவிட்டது.

இதை வைத்து இடையில் ஒரு திருத்தம் கேட்கிறேன். கோப்பில் எல்லா இடத்திலும் ‘இதயத்துடிப்பு’ என்றிருக்கிறது. மணிக்கட்டில் ஒளியால் எண்ணுவது நாடி, ஆகவே அங்கே ‘நாடித்துடிப்பு’ என்று மாற்றலாமா? இதயம் என்ற சொல்லை இதய மின்வரைபடம் (இசிஜி) எடுக்கும் திரைக்கு வைத்துக்கொள்வோம். 2018இல் ஆப்பிள் வாட்ச் நான்காம் வரிசையில் அந்த வசதி வந்தது. மறு கையின் விரலைக் கடிகாரத்தின் பக்கத்தில் இருக்கும் திருகில் 30 நொடி வைத்தால் ஒற்றை இணைப்பு வரைபடம் ஒன்று கிடைக்கும். இதயம் ஒழுங்கில்லாமல் துடிப்பதற்கான அறிகுறியை அது காட்டலாம், மாரடைப்பைக் காட்டாது. அந்த எச்சரிக்கை வரியைத் தமிழில் சுருக்காமல் முழுதாக எழுத வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

‘-மானி’ வேண்டாம் என்று சொல்லவும் இங்கேதான் காரணம் இருக்கிறது. 2017இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் கையில் கட்டும் 7 கருவிகளைச் சோதித்தார்கள். நாடித்துடிப்பில் 6 கருவிகள் 5 விழுக்காட்டுப் பிழைக்குள் நின்றன, நல்ல செய்தி. எரித்த கலோரியில் ஒன்றுகூடத் தேறவில்லை. இருப்பதிலேயே நல்லது சராசரியாக 27 விழுக்காடு பிசகியது, மோசமானது 93 விழுக்காடு. வெப்பமானி வெப்பத்தைத்தான் அளக்கிறது. இது கலோரியை அளக்கவில்லை. வயது, எடை, துடிப்பு எல்லாவற்றையும் ஒரு சூத்திரத்தில் போட்டு ஊகிக்கிறது. உறக்கமும் அப்படியே. ஆய்வுக்கூடத்தில் தலையில் மின்முனைகள் ஒட்டி மூளை அலைகளைப் பார்ப்பார்கள். கையில் கட்டியது நாம் அசையாமல் கிடப்பதையும் நாடி தணிவதையும் பார்த்து ‘ஆழ்ந்த உறக்கம்’ என்று எழுதிக்கொள்கிறது. அசையாமல் படுத்தபடி கூரையை வெறித்துக்கொண்டிருந்தாலும் சில நேரம் உறக்கத்தில் சேர்த்துவிடும்.

‘கண்காணிப்பி’ சொன்ன ஐயா ஆங்கிலச் சொல்லுக்கு நேராக வைத்திருக்கிறார். ஆனால் கண்காணிப்பு என்றாலே நமக்கு நினைவு வருவது சுவர் மூலையில் இருக்கும் கேமரா. காசு கொடுத்து வாங்கி அதைக் கையில் கட்டிக்கொள்ள யாருக்கு மனம் வரும்? ‘நம் தரவு நிறுவனத்தின் வழங்கிக்குத்தானே போகிறது, உண்மையைத்தான் சொல்கிறேன்’ என்று அவர் சிரிப்பார். அதிலும் நியாயம் இருக்கிறது. கூகுள் ஃபிட்பிட்டை வாங்கும் வேலை 2021 ஜனவரியில் முடிந்தது. அதற்கு முன், ஐரோப்பியப் பயனர்களின் உடல்நலத் தரவை விளம்பரத்துக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று பத்தாண்டு உறுதி கொடுத்த பிறகுதான் ஐரோப்பிய ஆணையம் ஒப்புதல் அளித்தது. இருந்தாலும் அந்தக் கவலையைத் தனியுரிமைப் பக்கத்தில் எழுதுவோம், பெயரில் ஏற்ற வேண்டாம்.

என் பரிந்துரை: உடற்குறிப்பி. தொகுப்பி, இணைப்பி எல்லாம் வந்த வழியில்தான் குறிப்பியும் வருகிறது. அளக்கிறேன் என்றும் சொல்லவில்லை, நலம் தருகிறேன் என்றும் சொல்லவில்லை. நாள் முழுக்க உடலைப் பற்றிக் குறித்து வைக்கிறது. பட்டை, மோதிரம், கவ்வி எதற்கும் பொருந்தும். கருத்துச் சொல்லுங்கள்.

---

> என் பரிந்துரை: உடற்குறிப்பி.

வணக்கம். காரணங்கள் ஏற்கத்தக்கவை, சொல்தான் நாக்கில் ஏறவில்லை. ‘ற்கு’வும் ‘றிப்பி’யும் அடுத்தடுத்து வருகின்றன. வாங்க வருபவர் ‘பேண்ட்’ என்றுதான் கேட்பார். அதற்குப் பட்டைதான் கிட்டத்தில் இருக்கிறது. கலைச்சொல் அகராதிக்கு உங்கள் சொல், பொத்தானுக்குப் ‘பட்டை’ என்று பிரித்துக்கொள்ளலாமே?

இன்னொன்று. உங்கள் மடல் கடிகாரத்துக்குக் கொஞ்சம் ஓரவஞ்சனை செய்கிறது. தனியாக வசிக்கும் வயதானவர் கீழே விழுந்தால் தானாக உதவிக்கு அழைக்கும் வசதி பெரும்பாலும் திறன்கடிகாரங்களில்தான் இருக்கிறது. அவருக்குக் குறிப்பு முக்கியமா, அழைப்பு முக்கியமா? தினமும் மின்னேற்றுவது அந்த வசதிக்குச் சின்ன விலை. உங்கள் கேள்வியையே கேட்டுப் பாருங்கள், அவர் கடிகாரத்தைக் கழற்றி வைத்தால் குறைவது சாதாரண விஷயமில்லை.

நாடித்துடிப்பு மாற்றத்துக்கு என் முழு ஆதரவு.

---

நன்றி. விழுந்தால் அழைக்கும் வசதி பற்றி நீங்கள் சொன்னது சரியான எதிர்வாதம். உதவிப் பக்கத்தில் ‘எதை வாங்கலாம்’ என்ற பத்தியில் அதை முதல் வரியாகவே சேர்க்கிறேன். ஓட்டம், உறக்கம், நீண்டகாலப் போக்கு இவைதான் வேண்டும், அறிவிப்புத் தொல்லை வேண்டாம் என்பவருக்கு உடற்குறிப்பி. அழைப்பு, பணம் கட்டல், அவசர உதவி வேண்டும் என்பவருக்குத் திறன்கடிகாரம். இரண்டும் வேண்டும் என்பவர் கடிகாரம் வாங்கி மின்னேற்றும் நேரத்தைத் திட்டமிட்டுக்கொள்ளட்டும்.

நாக்கில் ஏறாதது பற்றி: வெறும் ‘குறிப்பி’ என்றே சுருக்கலாம். ‘குறிப்பியை இணை’, ‘குறிப்பி கிடைக்கவில்லை’, ‘குறிப்பியில் மின்னளவு குறைவு’ என்று மூன்று வரிகளைப் போட்டுப் பார்த்தேன், சிறிய திரையிலும் உடையாமல் நிற்கின்றன. ‘பட்டை’யை விட்டுவிடவில்லை, வாரைத்தான் அப்படிக் குறிக்கிறேன்: ‘பட்டையை இறுக்கிக் கட்டவும்’. இதே சொல்லைக் கருவிக்கும் வைத்தால் அந்த வரியில் குழப்பம் வரும்.

கோப்பில் இப்போதைக்கு இப்படி மாற்றியிருக்கிறேன்: அமைப்புகளில் உடற்குறிப்பி, பொத்தான்களில் குறிப்பி, மின்வரைபடத் திரை தவிர மற்ற எல்லா இடத்திலும் நாடித்துடிப்பு. கலோரி எண்ணுக்குப் பக்கத்தில் ‘தோராயம்’ என்ற சொல்லையும் சேர்த்தேன், மூலத்தில் அது இல்லை. தமிழாக்கம் செய்பவர் அந்த அளவுக்கு உரிமை எடுத்துக்கொள்ளலாமா என்று நிரலர்களைக் கேட்டிருக்கிறேன். மோதிரத்துக்கு இன்னும் வரி காலியாக இருக்கிறது. ‘குறிப்பி மோதிரம்’, ‘உணரி மோதிரம்’ இரண்டில் எது என்று சொல்லுங்கள்.